உன் படிவம் தேர்ந்தெடுத்த ஆள்

என் ரயில் சிநேகிதிக்கு,

இன்று காலை முதல்வர் அறையிலிருந்து ஒரு பச்சை அட்டை ஃபைல் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. கயிற்றை அவிழ்த்ததும் தைல வாசனை. உன் மேஜை இழுப்பறையில் தைலப் புட்டியோடு ஒன்றாகக் கிடந்த ஃபைல் அல்லவா, எத்தனை பேர் கை மாறியும் வாசனை போகவில்லை. உள்ளே உன் கையெழுத்தில் இரண்டு பக்கம். ரயில் குலுங்கிய இடங்களில் எழுத்தும் குலுங்கியிருந்தது.

தினமும் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு ஏறுவாய். பெட்டிக்குள் புழுக்கம், அதனால் தலைவலி என்பாய். நானும் நம்பினேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி உலர்த்தப் போன நீ மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் தம்பி போனில் சொன்னபோது, மூளையில் ரத்தக்கசிவு என்ற வார்த்தையைவிட அந்தத் தைல வாசனைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி இன்றைக்கு எழுதப்போவதில்லை. இன்றைக்கு உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு சேதி இருக்கிறது. நீ இருந்திருந்தால் பொன்னேரியில் ஏறியவுடன் உன் பக்கத்தில் இடித்து உட்கார்ந்து, கவரப்பேட்டை வரும்வரை சொல்லாமல் உன்னைத் தவிக்கவிட்டிருப்பேன்.

நம் கல்லூரியில் நல்லாசிரியர் விருது கொடுத்துவிட்டார்கள். உன் படிவத்தின்படி. நீ எழுதிய விதிகளில் ஒன்றைக்கூட மாற்றாமல். யாருக்கு என்று கேட்டால் நீ சீட்டை விட்டு எழுந்துவிடுவாய். முறையாகவே சொல்கிறேன், பொறு.

அந்த ஸ்டாஃப் மீட்டிங் உனக்கு நினைவிருக்கும். அந்த வருட விருது ஒரு மூத்த பேராசிரியருக்கு அறிவிக்கப்பட்டது. கட்டுரைகள் நிறைய எழுதியவர், கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தப் பருவம் முழுக்க அவருடைய வகுப்பை எடுத்தது அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண். எல்லோரும் கை தட்டி முடித்த பிறகு நீ எழுந்தாய். உன் குரல் நடுங்கியது, அது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சார் நல்லா எழுதுறாரு, ஒத்துக்கறேன். ஆனா அவரு பாடம் எடுத்து இங்க யாரு பாத்தீங்க? என் பேரைச் சொல்லியிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்."

 அப்போதிருந்த முதல்வர் கோபப்படவில்லை. வேறு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்தால் எழுதிக் கொண்டு வாருங்கள் என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நீ எழுதிக் கொண்டு வருவாய் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

நீ எழுதினாய். மீஞ்சூரில் ஏறும்போதே பேனாவைக் கையில் வைத்திருப்பாய். பழவேற்காட்டு மீன்காரப் பெண்கள் கூடைகளை நம் காலடியில் தள்ளிவிட்டுப் பேசிக்கொண்டிருக்க, மடியில் அட்டையை வைத்து எழுதுவாய், அடிப்பாய், என்னிடம் படித்துக் காட்டுவாய். மூன்று பகுதி. முதலாவது, சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது. இரண்டாவது, படித்து முடித்து இரண்டு வருடம் வேலையில் இருப்பவர்களைத் தேடிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பது: இங்கே படித்ததில் இன்று உன் வேலைக்கு உதவுவது எது, அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்காதது. கற்பிப்பவர், தான் சரியாக நடத்தாத ஒரு வகுப்பைப் பற்றித் தன் கையால் எழுதித் தர வேண்டும். விருதுக்கு நிற்கிற ஆள் தன் தோல்வியை எழுதித் தருவானா என்று கேட்டேன். எழுதாதவனுக்கு எதற்கு விருது என்று நீ திருப்பிக் கேட்டாய்.

யாரோ வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், இதை ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னேன். அதற்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நாம கதவைச் சாத்திக்கினு பாடம் எடுக்கறோம்டி. நல்லா எடுத்தாலும் யாருக்கும் தெரியாது, கேவலமா எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. இது இன்னா வேலை?"

படிவத்தைக் கொடுத்தாய். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமும் கட்டுரைகளை எண்ணித்தான் விருது கொடுத்தார்கள். அதற்கடுத்த வருடம் நீயே இல்லை.

இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் புது முதல்வராக ஓர் அம்மாள் வந்தார். வந்த இரண்டாவது வாரமே என்னைக் கூப்பிட்டார். பழைய ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டதாம். இதை எழுதியவரோடு பேச வேண்டும் என்றார். நீ போய்விட்டது அந்த அம்மாளுக்குத் தெரியாது. நான் சொன்னேன். ஃபைலை என் பக்கம் நகர்த்தி, அப்படியானால் நீங்கள் பக்கத்தில் இருந்து நடத்துங்கள் என்றார். முதல்வர், உங்கள் எலெக்ட்ரிக்கல் துறைத் தலைவர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர், கணக்கு வாத்தியார் நான். நாலு பேர் கொண்ட குழு.

பழைய மாணவர்களைத் தேடித் தொழிற்பேட்டைக்குப் போகும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நம் பிள்ளைகள் உன் பெயரைத்தான் எழுதுவார்கள் என்று எனக்கு நிச்சயம். இல்லாத ஆளுக்கு விருது இல்லை, இருந்தாலும் அத்தனை தாள்களிலும் உன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்க, நீலச் சட்டையும் சாம்பல் சட்டையுமாக ஆட்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும். இரும்பு உருக்கும் வாடை, லாரிப் புழுதி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராக போன் செய்து வரவழைத்தேன். நாலு நாள் போனேன். வந்த பிள்ளைகள் எல்லாம் முகத்தில் களைப்போடு, ஆனால் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தாளைக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசி நாள் மாலை பொன்னேரி ரயிலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். உன் பெயர் மூன்று தாள்களில் இருந்தது. என் பெயர் ஒன்றில். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே பெயர்.

தேவசகாயம்.

ஆமாம். உங்கள் மெஷின்ஸ் லேபில் இருக்கிற தேவசகாயம். பேராசிரியரும் இல்லை, உதவிப் பேராசிரியரும் இல்லை. லேப் இன்ஸ்ட்ரக்டர். சம்பளப் பட்டியலில் ஆசிரியர் அல்லாத பணியாளர். ஓர் இரும்பு ரோலிங் மில்லில் மின்பராமரிப்பு பார்த்துவிட்டு இங்கே வந்தவர். நீ புகார் எழுதிய அதே ஆள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் மேல், அந்த மனிதர் மேல், உன் படிவத்தின் மேலும்தான். அந்தப் புகார் நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பிள்ளைகள் அம்மீட்டரைத் தவறாக இணைத்து ஸ்விட்சைப் போட, அது வெடித்துக் கருகி, ஒரு பெண்ணின் புருவத்துக்கு அருகே கண்ணாடிச் சில் பட்டது. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நீ ஓடினாய். அவர் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட்டு ஓரமாக நின்றிருந்தார். அன்று மாலையே எழுதினாய்: மாணவர்களை ஆய்வகத்தில் கண்காணிக்கத் தகுதியற்றவர். அவருக்கு மெமோ போயிற்று. அதற்குப் பிறகு நீ அவரோடு பேசவே இல்லை.

மறுநாள் பவித்ராவுக்கு போன் செய்தேன். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து எந்நேரமும் தூங்குவாளே, அவள்தான். இப்போது ஒரு பம்பு தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறாள். ஏன் அந்தப் பெயரை எழுதினாய் என்று கேட்டேன். அவள் சொன்ன கதை இது. ஒரு நாள் அவளுடைய லைனில் மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் முனகுகிறது, சுற்றவில்லை. பராமரிப்பு ஆள் சாப்பிடப் போயிருந்தார். சூப்பர்வைசர் மறுபடி மறுபடி ஸ்விட்சைப் போடப் போனார். இவள் தடுத்துவிட்டாள்.

"மூணு ஃபேஸ்ல ஒண்ணு வரலை சார், போட்டா காயில் எரிஞ்சிடும்னு சொன்னேன் மேடம். தொறந்து பாத்தா ஃபியூஸ் போயிருந்திச்சு. எப்படிமா கண்டுபுடிச்சேனு கேட்டாங்க. காதாலனு சொன்னேன். தேவசகாயம் அண்ணன் எங்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேக்க வச்சிருக்காரு."

அடுத்த வாரம் உன் விதிப்படி சொல்லாமல் கொள்ளாமல் லேபுக்குப் போனேன். மூன்று முறை போனேன். கணக்குக்காரி எனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? ஓர் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், தலையை அசைத்தார், அத்தோடு என்னை மறந்துவிட்டார்.

நாலு பேர் கொண்ட ஒரு குழு ஒயர்களை இணைத்து முடித்தது. ஸ்விட்சில் கை வைக்கப் போன பையனை நிறுத்தினார். போட்டா இன்னா ஆவும், சொல்லு. அவன் சொன்னான். பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார். அவள் வேறு சொன்னாள். நாலு பேரும் சொல்லி முடிக்கும்வரை ஸ்விட்சை மறைத்த கையை அவர் எடுக்கவில்லை. பிறகுதான், அதுவும் வோல்ட்டேஜை மிகக் குறைத்து வைத்து, போடச் சொன்னார். மோட்டார் முனகியது. சுற்றவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் அவரே ஒரு ஃபியூஸைக் கழற்றி வைத்திருந்தார். நாலு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "என்னைப் பாத்து இன்னா ஆவப்போவுது? அதைக் கேளு," என்று மட்டும் சொன்னார். ஒரு நிமிடம் கழித்து, எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னாள். அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த முகத்துக்காகத்தானே நாம் இந்த வேலைக்கு வந்தோம். என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்து நானும் அந்த மோட்டார் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

குழு கூடிய நாள் வந்தது. மூன்று பேர் கடைசிச் சுற்றில் இருந்தார்கள். தேவசகாயத்தின் பெயரைப் படித்ததும் துறைத் தலைவர், இது ஆசிரியர்களுக்கான விருது அல்லவா என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உன் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். இதில் ஆசிரியர் என்ற சொல்லே இல்லையே என்றார். "மாணவர்க்குக் கற்பிக்கும் பணியாளர் எவரும்" என்று எழுதியிருக்கிறாய். தெரிந்துதான் எழுதினாயா? யாரை மனதில் வைத்து? உன்னிடம் இனி கேட்க முடியாதவற்றில் இதுவும் ஒன்று.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். அவர் அமைதியாகத் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். உன் புகாரின் நகல். உன் கையெழுத்து.

"இந்தத் திட்டத்தை எழுதினவங்களே அவரைப் பத்தி என்ன நினைச்சாங்கன்னு குழு தெரிஞ்சிக்கணும். மேடத்துக்கு இது தெரியும்னு நினைக்கிறேன்," என்று என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். உன்னைக் காப்பாற்றவா, அவரைக் காப்பாற்றவா என்று எனக்கே புரியவில்லை. முதல்வர் என் முகத்தைப் பார்த்தார். தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். மறைத்தது தப்பு என்றும் சொன்னேன்.  விருது கைநழுவிவிட்டது என்று நினைத்தேன். உன் படிவமும் கூடவே. தனக்கு வேண்டியவருக்காக ஒரு விஷயத்தை மறைத்த குழுவின் தேர்வை இனி யார் நம்புவார்கள்?

கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று பேரும் எழுதி ஒட்டித் தந்திருந்த மூன்றாவது பகுதியின் உறைகளை முதல்வர் எடுத்தார். அவற்றைக் குழு கூடும்போதுதான் பிரிக்க வேண்டும் என்பது உன் விதி. தேவசகாயத்தின் உறையைப் பிரித்து ஒரு முறை தனக்குள் படித்தார். பிறகு என்னிடம் நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னார்.

கோடு போட்ட தாளில் அரைப் பக்கம். அம்மீட்டர் வெடித்த அதே நாளைப் பற்றித்தான் எழுதியிருந்தார். பிள்ளைகள் தாமாகச் செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதாகவும், செய்யவிடுவது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு என்று அன்றைக்குத் தெரியாமல் போனதாகவும் எழுதியிருந்தார். மெமோ வந்த அன்று வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாராம். பிறகு அந்தப் புகாரைத் திரும்பத் திரும்பப் படித்தாராம். கடைசி வரிகளை அப்படியே எழுதுகிறேன்: "மேடம் எழுதியது சரி. அதற்குப் பிறகு, என்ன ஆகும் என்று வாயால் சொல்லாத எவரையும் நான் ஸ்விட்ச் போட விட்டதில்லை. அந்த வழக்கம் எனக்கு மேடத்தால் வந்தது."

பாதியில் தாளை மேஜையில் வைத்துவிட்டேன். மீதியைப் பேராசிரியர் வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் துறைத் தலைவர் உன் புகாரின் நகலை எடுத்து மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அவர்தான் முதலில் பேசினார். எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆய்வகப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும் என்று எழுத்தில் போட்டுவிடுங்கள், நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றார். நாலு கையும் உயர்ந்தது.

சேதியைச் சொல்ல நான்தான் ஓடினேன். இந்த வயதில், சேலையோடு, இரண்டு மாடி. அவர் மீட்டர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன்.  பெயரைத் தப்பாகப் படித்திருப்பீர்கள் என்றார். இல்லை என்றேன். நான் வாத்தியார் இல்லையே என்றார். நீங்கள் வாத்தியார்தான் என்று எங்கள் நாலு பேருக்கும் இப்போதுதான் தெரிந்தது என்றேன். திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த மீட்டரையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ஆசிரியர் தினத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. தொழிற்பேட்டையிலிருந்து பிள்ளைகள் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார்கள். பவித்ரா பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவர் பெயரைச் சொன்னதும் எழுந்த சத்தத்தில் பக்கத்து மரத்துக் காக்கைகள் பறந்தன, நிஜமாகவே. அவர் மனைவி முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை பார்த்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு மெமோ வாங்கிக் குடுத்த மேடம் இன்னிக்கு இல்ல. இருந்தா அதோ அங்க உக்காந்துக்கினு என்னை மொறைச்சிருப்பாங்க. அவங்க மொறைக்கலன்னா நான் இங்க நிக்க மாட்டேன்."

முதலில் சிரித்தார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, எழுந்து நின்றார்கள். உனக்காகத்தான். அந்தப் படிவத்தை எழுதியது யார் என்று அன்றைக்கு முதல்வர் மேடையில் சொல்லித்தான் பல பேருக்குத் தெரியும். நான் எழுந்திருக்க மறந்து உட்கார்ந்தே இருந்தேன்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று சொல்ல வரவில்லை. அந்த மனிதரைப் பற்றி நீ எழுதியது ஒரு நாளைப் பொறுத்தவரை சரி, ஆளைப் பொறுத்தவரை தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடித்ததும் நீ எழுதிய விதிதான். இதை உன்னிடம் நேரில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துவிட்டு, சரிதான் போடி என்று சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாததுதான் இதில் எனக்கு இருக்கிற ஒரே குறை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. விழா முடிந்த மறுவாரம் தேவசகாயம் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் மூன்று முறை அவர் வகுப்பைப் பார்த்தேன் அல்லவா, அவர் ஒரு முறை என் வகுப்பில் உட்காரலாமா என்று கேட்டார்.  வாருங்கள் என்றேன். நேற்று வந்தார். இத்தனை வருடத்தில் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த முதல் சக ஊழியர். முதல் பத்து நிமிடம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, நான் உன்னிடம் சொன்னபடியே. அப்புறம் பாடம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரும்பலகை நிறைந்தது. நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைத்தேன்.

எல்லோரும் போன பிறகு மெதுவாக வந்தார். "கணக்கு எனக்குப் புரியலை மேடம். ஆனா ஒண்ணு பாத்தேன். நாலாவது பெஞ்சுல பச்சை துப்பட்டா போட்ட பொண்ணு ரெண்டு வாட்டி கை தூக்க வந்து இறக்கிக்கினா. நீங்க போர்டைப் பாத்துக்கினு இருந்தீங்க."

 நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலி வகுப்பில் கொஞ்ச நேரம் அந்த நாலாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடமாக எத்தனை கைகள் என் முதுகுக்குப் பின்னால் உயரப் பார்த்துத் தாழ்ந்துபோயின என்று யாருக்குத் தெரியும்? வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட அதிகமாக ஒரு துடிப்பு. முதல் முறை வகுப்புக்குப் போன காலையில் இருந்த அதே துடிப்பு. அடுத்த வகுப்பு எப்போது வரும் என்று இருந்தது. இதைத்தான் நீ எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைக்கிறேன். விருதை அல்ல. திறந்திருக்கிற ஒரு கதவை.

இன்று இரண்டாவது பீரியட். நேற்றைய அதே கணக்கை மறுபடி பாதிவரை எழுதினேன். சாக்பீஸைக் கீழே வைத்தேன். கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்றேன். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த அமைதி எனக்கே பயமாக இருந்தது. அப்போது நாலாவது பெஞ்சில் அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், மூணாவது வரி எப்படி வந்திச்சு?"

வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது.